கடகட என்று சொன்னவள்

கடகட என்றுதான் வடிவு சொல்லியிருந்தாள். வேறு என்னத்தைச் சொல்வாள்? ராமேஸ்வரம் போகிற வழியில் வேம்பார் தாண்டினதும் பின்னால் எங்கேயோ ஒரு சத்தம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவள் புருஷன் நெல்லைநாயகம், "உனக்கு எப்பிடிக் கேக்கு வடிவு?" என்றார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தவாறே "கடகடங்குது" என்றாள். அவர் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்து மறுபடி "எப்பிடி?" என்றதும் பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. "கடகட! கடகட! போதுமா? இன்னொரு தரம் சொல்லட்டுமா?" என்று துப்பாத குறையாகச் சொன்னாள். அந்த ஒரு சொல்லை நம்பி அந்த மனுஷன் கேரவன் வண்டியை ஓரங்கட்டி, மொட்டை வெயிலில் சாக்கை விரித்து, மல்லாந்து அடியில் நுழைந்தார். எதிரே பனைமரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தவள் முதற்கொண்டு பைக்கில் போனவர்கள் வரைக்கும் வந்து கூடிவிட்டார்கள். கேரவன் என்றால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான், உள்ளே நடிகர் இருக்கிறார். "ஷூட்டிங் எங்கன? யாரு வந்திருக்கா? ஹீரோயின் எறங்க மாட்டாவளா?" என்று நுங்குக்காரி கேட்க, நாத்தனார் புருஷன் குற்றாலலிங்கம், அவருக்கென்ன, வாய்க்குப் பூட்டா சாவியா, "அந்தா நிக்காவ பாருங்க ஹீரோயின், இன்னும் மேக்கப் போடல" என்று வடிவைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். வடிவுக்கு அந்தச் சிரிப்பை யார் மேலாவது இறக்கிவைத்தாக வேண்டும். அப்போது பார்த்து அவள் புருஷன் அடியிலிருந்து வெளியே வந்தார், தலைமுடியெல்லாம் செம்மண், சட்டை முதுகில் எண்ணெய். "சைலன்சர் கிளாம்ப் லேசா லூசா இருந்துச்சு. முடுக்கிட்டேன்" என்றார். "ஆயுசு பூரா கவர்மென்ட் பஸ்ஸுக்கு வைத்தியம் பாத்தவரு, சொந்த வண்டிக்கு எங்க வலிக்குன்னு தெரியல" என்றாள் அவள், அவருடைய இடப்பக்கம் நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி. அவர் கழிவுத்துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. "பாரு, சுவரு! சுவராவது எதிரொலிக்கும்" என்று இன்னொன்றும் சேர்த்துவிட்டாள். அப்போதுதான் செண்பகவல்லி, அவருடைய தங்கச்சி, அவள் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துப்போய் மெதுவாகச் சொன்னது. "மதினி, அந்தப் பக்கம் நின்னு சொன்னா அண்ணனுக்கு எப்பிடிக் கேக்கும்? எடது காதுதான் சுத்தமாப் போயிட்டுல்லா. சோத்துக்கைப் பக்கம் வந்து சொல்லுங்க, அதுலதான் கொஞ்சம் மிச்சம் இருக்கு. இவுகளுக்குத் தெரியாது, என்னயவும் உங்களயும் தவிர யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டாவ." வடிவு ஒரு கணம் அந்த நுங்குக் குலையைப் பார்த்தாள். பிறகு, "தெரியும்" என்றாள். "எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும்."

தெரியும்! வண்டி மறுபடி கிளம்பி, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் ஓட ஆரம்பித்த பிறகும் அந்த 'தெரியும்' தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. என்ன தெரியும் உனக்கு? ஒரே கட்டிலில் படுக்கிறாய். காலையில் அவர் பல் தேய்க்கிற சத்தத்தை வைத்து அவருக்குச் சளியா இல்லையா என்று சொல்லுவாய். ரசத்தில் உப்பு குறைந்தால் அவர் புருவம் எந்தப் பக்கம் ஏறும் என்று தெரியும். ஒரு காது முழுசாகச் செத்துப்போனது தெரியாது. அதுவும் எந்தக் காது? உன் பக்கத்துக் காது. காரில், ஸ்கூட்டரில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே போனாலும் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து இவ்வளவு காலமும் நீ கொட்டினதெல்லாம், வடிவாம்பாள் அம்மா, செத்த காதில் கொட்டினது. இதில் நிம்மதிப்படுவதா? ஒரு நிமிஷம் நிம்மதிகூட வந்துவிட்டது அவளுக்கு, கேட்கவில்லையே, ஜடம் என்றது, மரமண்டை என்றது, எங்க அப்பா கண்ணைக் கட்டிக்கொண்டு குடுத்துட்டார் என்றது, ஒன்றும் கேட்கவில்லையே என்று. வந்த வேகத்தில் போயும்விட்டது. ஏனென்றால் பின்னால் உட்கார்ந்திருக்கிற செண்பகத்துக்குக் காது நன்றாகக் கேட்கும். தூத்துக்குடியிலிருந்து இதுவரைக்கும் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். தெரிந்தும் சொல்கிறாள் என்றல்லவா நினைத்திருப்பாள்! அண்ணனுக்குக் கேட்காது என்று தெரிந்து, அந்தப் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, துணிச்சலாகத் திட்டுகிறாள் என்று. அய்யோ. 'தெரியும்' என்று சொன்னதற்குப் பதில் 'தெரியாது' என்று சொல்லியிருந்தால் முட்டாள் என்ற பேரோடு போயிருக்கும். இப்போது கொடுமைக்காரி. வடிவு கண்ணாடியில் செண்பகத்தைப் பார்த்தாள். செண்பகம் முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள், முகத்தில் ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாத முகம்தான் பொறுக்கவில்லை. ஏன் தங்கச்சியிடம் சொன்னார்? பெண்டாட்டியிடம் ஏன் சொல்லவில்லை? கேட்டுக்கொண்டே இருந்தாள் மனசுக்குள், பதில் தெரிந்த பிள்ளை வேண்டுமென்றே கையைத் தூக்காமல் இருக்கிற மாதிரி. சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? 'செவிட்டு மெக்கானிக்' என்று பேர் வைத்திருப்பாய். அன்றைக்கே வைத்திருப்பாய். மத்தியானத்துக்குள் தெருவுக்குத் தெரிந்திருக்கும்.

சத்தம் நிற்கவில்லை. சைலன்சர் கிளாம்ப் முடுக்கினது முடுக்கினதாக இருக்க, அது பாட்டுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. "வடிவு, இப்ப சரியாப் போச்சா?" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்த்து. இப்போது புரிகிறது, ஏன் முகத்தைப் பார்க்கிறார் என்று. முன்பெல்லாம் இது ஒரு பரீட்சை என்றே நினைத்திருந்தாள். பெரிய இன்ஜினியர், தனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு பெண்டாட்டிக்குத் தெரிகிறதா என்று கேள்வி கேட்டு ஆழம் பார்க்கிறார் என்று. உனக்கு எப்பிடிக் கேக்கு, எந்தப் பக்கம் கேக்கு, கூடுதா குறையுதா. அவளுக்கு எரியும். ஏன், உங்க காது என்ன வாடகைக்கா போயிருக்கு என்று ஒரு நாள் கேட்டே விட்டாள், கேட்டுவிட்டு அந்தப் பேச்சின் அழகில் தானே சொக்கிப்போய் செண்பகத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள். செண்பகம் அன்றைக்குச் சிரிக்கவில்லை. டவர் இல்லை போல என்று இவள் நினைத்துக்கொண்டாள். காது என்றால் அந்தக் காலத்தில் அவருடைய காதுதான் காது. கல்யாணமான புதுசில் டிப்போ குவார்ட்டர்ஸில் இருந்தபோது, விடியக்காலம் போர்வைக்குள் இருந்துகொண்டே, "அம்பாசமுத்திரம் வண்டி போகுது, கியர் பாக்ஸ் அழுவுது, இன்னைக்கு எறக்கிரணும்" என்பார். அவள் மிக்ஸியை ஒரு சுற்று விடுவதற்குள் ஹாலிலிருந்து குரல் வரும், புஷ் தேஞ்சிருக்கு, நிறுத்து என்று. பானட்டைத் திறந்து, ஸ்குரூடிரைவர் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார், டாக்டர் குழல் வைத்துப் பார்க்கிற மாதிரி. எப்போதும் இடது காதுதான். அந்த இடது காதைத்தான் ஆயுசு பூரா இன்ஜின்களுக்குக் கொடுத்தார். போன மாதம் இந்த வண்டிக்குக் கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, குழாய் இழுத்து எல்லாம் முடித்த பிறகு, ஒரு சாயந்தரம் பார்த்தாள், ஸ்குரூடிரைவர் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, முனையை இன்ஜினில் வைத்து, கண்ணை மூடி நிற்கிறார். "பசிச்சா சொல்ல வேண்டியதுதானே, இட்லி இருக்கே, இரும்பை ஏன் கடிக்கியோ?" என்றாள். பல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார் அந்த மனுஷன். காது போனால் எலும்பு. எலும்பு வழியாக, தாடை வழியாக, மிச்சம் இருந்த எல்லா வழியாகவும் கேட்டுப் பார்த்திருக்கிறார். அவள் இட்லி இருக்கு என்றாள்.

அதைவிட மோசம் பொங்கல். நினைக்காதே என்றால் மனசு நேராக அங்கேதான் போகிறது. வீடு நிறைய ஆட்கள், சம்பந்தி வீட்டுக்காரர்கள் வேறு. யாரோ ஏதோ கேட்டதற்கு அவர் வேறு ஏதோ பதில் சொல்லிவிட்டார், கரும்பு வந்துட்டா என்றதற்கு இரும்பு நாளைக்கு வரும் என்ற மாதிரி. வடிவு எழுந்து நின்று, கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, கழுத்தை நீட்டி, "ஆ? ஆ? என்னா? ஆ?" என்று நடித்துக் காட்டினாள். நடிப்பில் அவள் கெட்டிக்காரி, கான்வென்ட்டில் ஒவ்வொரு வருஷமும் அவளுக்குத்தான் முதல் வேஷம். சம்பந்தி அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் ஒரு நொடி பிந்திச் சிரித்தார். அப்போதே பார்த்தாள் அதை. பார்க்காமல் இல்லை. எல்லார் முகத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, சிரிக்க வேண்டிய இடம் போலிருக்கிறது என்று தெரிந்துகொண்டு சிரித்த சிரிப்பு. ஒரு நொடி. அந்த ஒரு நொடியை அவள் அன்றைக்கு மந்தம் என்று எடுத்துக்கொண்டாள். மனுஷனுக்கு வேடிக்கையே புரியாது, டியூப்லைட், என்றாள். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று யாராவது பிறகு அவருக்குச் சொன்னார்களா? தன்னைப் பற்றித்தான் என்று தெரியுமா? கண்ணுக்கு முன்னால் கையைக் குவித்துக் காட்டினாளே, கேட்காவிட்டாலும் பார்க்கலாமே. பார்த்திருப்பார். பார்த்துவிட்டுத்தான் சிரித்தார். சீ. ஜன்னல் காற்று முகத்தில் அடித்தும் கன்னம் இரண்டும் சூடேறி, காது மடல்வரை எரிந்தது. அவளுக்குக் காது இருக்கிறதே, இரண்டும் எரிந்தது.

"வடிவு, சரியாப் போச்சான்னு கேட்டேன்." அவள் அவரைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினாள். "எப்பிடிக் கேக்கு?" மறுபடி அதே கேள்வி. அவள் வாயைத் திறந்தாள். நாக்கு நேராகக் கடகடவுக்குப் போய் நின்றது. எல்லாமே கடகடதான் அவளுக்கு. வயிறு கடகட, தகரம் கடகட, மாமியார் இருமல் கடகட. தமிழில் சத்தத்துக்கு எத்தனை சொல் இருக்கிறது, அவர் ஒரு தரம் சாப்பிட்டுக்கொண்டே வரிசையாகச் சொன்னார், சளசள, கிணுகிணு, லொடலொட, ணங்கு, நறநற, ஒவ்வொன்றுக்கும் ஒரு வியாதி இருக்கிறது, சொல் சரியாக வந்தால் வண்டியைத் திறக்கவே வேண்டாம் என்றார். அவள் மோர் ஊற்றிக்கொண்டே "ரொம்ப முக்கியம்" என்றாள். கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் தமிழில் பேசினால் மர ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டுவாள். வலிக்கத் தட்டமாட்டாள், தாளம் மாதிரித் தட்டுவாள், பியானோவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் ஒரு தட்டு. நாய் குரைப்பதற்கு, கதவு கிறீச்சிடுவதற்கு, சங்கிலி உரசுவதற்கு இங்கிலீஷில் தனித்தனிச் சொல் உருப்போட்டாள் வடிவு, பரிசும் வாங்கினாள். இப்போது அவருக்கு வேண்டியது அந்தச் சொல் எதுவும் இல்லை. அவருக்கு வேண்டிய சொல் அவளிடம் இல்லை. இந்த லட்சணத்தில் இவள் வாய்க்குப் பயந்துதான் வீடே நடக்கிறது. வாய், வாய் என்று ஊரே சொல்லுகிற அந்த வாயில் ஒரு சத்தத்துக்குப் பேர் சொல்ல வரவில்லை.

சரி, கேளு. முதல் தடவையாக ஒழுங்காகக் கேளு. ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றினாள். பின்னால் தட்டு ஒன்று அடுக்கில் ஆடுகிறது, அது சளசள, அது இல்லை. கேஸ் சிலிண்டர் வார் உரசுகிறது, அதுவும் இல்லை. குற்றாலலிங்கம் முறுக்கு கடிக்கிற சத்தம். அதற்கெல்லாம் அடியில், காலுக்குக் கீழே, பின்பக்கமாக, டொக். கொஞ்சம் விட்டு, டொக். டொக். ஒழுங்காக வருகிறது. கடகட எங்கே இருக்கிறது இதில்? கடகடவும் இல்லை ஒன்றும் இல்லை, யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி ஒற்றை ஒற்றையாக. முன்னால் லாரி விலகியதும் அவர் வேகமெடுத்தார், டொக் டொக் டொக் என்று அதுவும் வேகமெடுத்தது. மாடு ஒன்று குறுக்கே வரவும் பிரேக்கை மிதித்தார். டொக்... டொக்... ணக். வடிவுக்குச் சட்டென்று பிடிபட்டது. காலையில் தூத்துக்குடி பைபாஸில் பஞ்சர். பின்பக்கம், இடது சக்கரம். கடைக்காரன் சக்கரத்தை மாட்டிவிட்டு "ஆச்சு சார்" என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். எவன் மாட்டினாலும் தன் கையால் ஒரு தரம் நட்டுகளை முடுக்கிப் பார்க்காமல் வண்டியில் ஏறமாட்டார் அவர், அது அவர் வழக்கம். இன்றைக்கும் உள்ளே வந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனார். அப்போது அவள்தான் எட்டி, ஸ்டியரிங்கில் கையை வைத்து, ஹாரனை அமுக்கினாள். விடாமல் அமுக்கினாள். வெயில் ஏறுதே, அங்கேயே குடும்பம் நடத்தப் போறியளா என்று கத்தினாள். கத்தினது கேட்டிருக்காது. ஹாரன் கேட்டிருக்கும். ஸ்பானரை அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். அந்தச் சக்கரம்தான். கழன்றுகொண்டு வருகிறது. இந்த வேகத்தில் கழன்றால் கட்டில், அடுப்பு, சிலிண்டர், நாலு பேர், எல்லாம் அந்தக் கருவேலங்காட்டுக்குள்.

கத்திச் சொல்லிவிடலாம். கத்தினால் இவருக்குக் கேட்கும், மிச்சம் இருக்கிற அந்தக் காதுக்கு எட்டும்படி கத்தினால். கத்தவும் வாயெடுத்தாள். பின்னாலிருந்து குற்றாலலிங்கம், "என்ன அத்தான், இன்னும் லொட்டு லொட்டுங்குது? காது மந்தமாயிட்டா ஒமக்கு? பேசாம ஸ்டியரிங்க எங்கிட்டக் குடும், நீரு வந்து முறுக்கத் தின்னும்" என்றார், சும்மா வேடிக்கைக்கு, மனுஷனுக்கு எதுவும் தெரியாது. செண்பகம் "சும்மா இருங்களேன்" என்றாள், கொஞ்சம் அவசரமாக. அவர் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். கேட்கவில்லை. ஏதோ பேச்சு நடக்கிறது என்று மட்டும் கண்ணாடியில் தெரிந்திருக்க வேண்டும், உதட்டில் ஒரு சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு, எப்போது போடுவது என்று தெரியாமல், கண்ணை மேலே கண்ணாடிக்கும் கீழே ரோட்டுக்குமாக ஓட்டினார். அந்தத் தயார்ச் சிரிப்பைப் பார்த்தாள் வடிவு. இப்போது கத்தினால் போச்சு. ஏன் கத்துறியோ அக்கா, பக்கத்துலதான இருக்காரு என்பார் குற்றாலலிங்கம். ஏன் எட்டி அந்தக் காதுல கத்துறியோ என்பார். ராமேஸ்வரம் போய்ச் சேருவதற்குள் சாவி அவர் கைக்குப் போய்விடும், ஊருக்குத் திரும்புவதற்குள் குடும்பம் பூராவும் போய்விடும் சேதி. காது கேட்காதவரு வண்டி ஓட்டலாமா என்று ஆளாளுக்கு மீட்டிங் போடுவார்கள். ரிட்டயர் ஆன நாளிலிருந்து அவர் கேட்ட ஒரே ஆசை இந்த வண்டி. கத்தாமல் இருந்தால் சக்கரம். வடிவு கியர்க் கம்பியைப் பார்த்தாள். அதன் மேல் அவருடைய இடது கை, முட்டிகளில் கறுப்பு, நகத்தில் காலையில் துடைத்தும் போகாத எண்ணெய். எப்போது கடைசியாக அந்தக் கையைத் தொட்டாள்? மாத்திரை கொடுக்கும்போது. மாத்திரை கொடுக்கும்போதுகூட உள்ளங்கையில் உதிர்ப்பாள், தொடமாட்டாள்.

ஆள்காட்டி விரலை மடக்கி, அவருடைய முட்டியில் ஒரு தட்டுத் தட்டினாள். வண்டிக்கு அடியில் டொக் என்றபோது ஒன்று. அடுத்த டொக்குக்கு இன்னொன்று. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பயம் தெரிந்தது அந்தக் கண்ணில், என்ன தப்புப் பண்ணிவிட்டோம் என்கிற பயம், அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. விரலை எடுக்கவில்லை. தட்டினாள். சிஸ்டர் பெர்னதெத்தின் ஸ்கேல் எப்படி விழுமோ அப்படி, வலிக்காமல், தாளம் தவறாமல். டொக். டொக். டொக். அவர் முகம் மெதுவாக மாறியது. ரோட்டுக்குத் திரும்பி, ஆக்ஸிலேட்டரில் காலை அழுத்தினார். சத்தம் நெருங்கி வந்தது, அவள் விரலும் நெருங்கியது. காலை எடுத்தார், விரல் நிதானித்தது. பிறகு அவர் ஒன்று செய்தார், கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். இன்ஜின் சத்தம் சட்டென்று தணிந்துபோனது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு தன் கையையே பார்த்தார், அவள் விரலும் தணிகிறதா என்று. தணியவில்லை. வண்டி எந்த வேகத்தில் உருண்டதோ அதே வேகத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. இன்ஜினில் இல்லை, சக்கரத்தில். உதட்டை மட்டும் அசைத்து "எங்க?" என்றார். கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால், இடது பக்கம், கீழே காட்டினாள். அடுத்த கணம் இண்டிகேட்டர் போட்டு, பிரேக்கை அழுத்தாமல், பூப்போல வண்டியை மண் பாதையில் இறக்கி நிறுத்தினார்.

"என்ன அத்தான், மறுபடியுமா? சைலன்சரா?" என்று குற்றாலலிங்கம் இறங்கினார். நெல்லைநாயகம் ஸ்பானரோடு நேரே பின்சக்கரத்துக்குப் போய்க் குந்தினார். மற்ற மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். நட்டு ஒன்றை இரண்டு விரலால் திருப்பினார், திருகாணி மாதிரிச் சுற்றியது. அடுத்ததும் சுற்றியது. அதற்கு அடுத்தது இருக்க வேண்டிய இடத்தில் மரைத்தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, நட்டையே காணோம். கருவேலங்காட்டுக்குள் ஏதோ பறவை கத்தியது. செண்பகம் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டாள். அவர் டூல் பாக்ஸிலிருந்து வேறொரு நட்டைத் தேடி எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றையும் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி முடுக்கினார், காலால் ஸ்பானரை மிதித்தார், மறுபடி முதலிலிருந்து முடுக்கினார். மிச்ச மூன்று சக்கரத்துக்கும் போனார். இந்த முறை யாரும் ஹாரன் அடிக்கவில்லை. குற்றாலலிங்கத்துக்குத்தான் முதலில் குரல் வந்தது. "அத்தான், உள்ள உக்காந்துக்கிட்டே, ஓட்டிக்கிட்டே, எந்தச் சக்கரம்னு கண்டுபிடிச்சீரு பாரும்! இம்புட்டு நேரம் ஒமக்குக் காது மந்தம்னு கேலி பண்ணிட்டேனே. காதுன்னா காது, அது ஒம்ம காதுதான் வே!" இடது காதின் பக்கமாக நின்று சொன்னார். அவர் நிமிர்ந்தார், பார்த்தார், ஒன்றும் விளங்காமல் மறுபடி அந்தத் தயார்ச் சிரிப்பு வாயோரத்துக்கு வந்தது. "ஆமா" என்றாள் வடிவு, வலப்பக்கம் வந்து நின்று, குரலை உயர்த்தாமல், அவர் முகத்துக்கு நேராக, வாயசைவு தெரிய. "உங்க காதுன்னா காதுதான்ங்காவ. தப்பே சொல்லாதுங்காவ." அவள் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்ததைக் குற்றாலலிங்கம் வெயிலின் கோளாறு என்று நினைத்திருப்பார். செண்பகம் மட்டும் மதினியைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். இவளுக்கு நிஜமாகவே தெரியாமல்தான் இருந்திருக்கிறது என்பது அந்தப் பார்வையில் வந்து உட்கார்ந்தது. வடிவு தலையைக் குனிந்து, செருப்பில் குத்தியிருந்த கருவேலமுள்ளைப் பிடுங்கினாள்.

வண்டி ஓடியது. அடியில் சத்தம் இல்லை. அடுக்கில் தட்டு மட்டும் சளசள. ஆமாம், சளசள, சரியான சொல்தான். சாயல்குடி தாண்டி உப்புக்காற்று வர ஆரம்பித்தது. அவர் ஒரு தரம் அவளைப் பார்த்தார். கேட்கப் போகிறார், செண்பகம் சொல்லிட்டாளா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தாள். கேட்டால் என்ன சொல்லுவது? தெரியும் என்றா? அவர் கேட்கவில்லை. ரோட்டுக்குத் திரும்பிக்கொண்டார். மன்னிச்சுக்கிடுங்க என்று சொல்லலாம், செத்த காதில், அது சுலபம், இத்தனை நாள் எல்லாவற்றையும் அதில்தானே சொன்னாள். சொல்லவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தாள், பேசாமல், அவளுக்கே பழக்கமில்லாத ஒரு உட்காரல், கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பின்னால் குற்றாலலிங்கத்துக்கு முறுக்குத் தீர்ந்துவிட்டது, அடுத்து வாய்க்கு வேலை வேண்டும். "எனக்கு ஒரு சந்தேகம் அத்தான். வண்டி சத்தம் நின்னுட்டு, சரி. அதுகூடவே அக்கா சத்தமும் நின்னுட்டே, அங்கயும் எந்த நட்டையாச்சும் முடுக்கிட்டீரா? எங்க லூசுன்னு சொல்லும், எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு!" செண்பகம் அடக்க மாட்டாமல் பீறிட்டாள், அடிங்க என்று அவர் தோளில் ஒன்று வைத்தாள். கண்ணாடியில் நெல்லைநாயகத்தின் கண் மேலே ஏறியது, கீழே வந்தது, மேலே ஏறியது. அது என்ன வேடிக்கை, யாரைப் பற்றி, எப்போது சிரிக்க வேண்டும்? ஒரு நொடி. அந்த நொடி முழுசாகக் கடந்துபோவதற்குள் வடிவு கியர்க் கம்பியின் மேல் இருந்த கையில், முட்டியில், ஒரு தட்டுத் தட்டினாள். அவர் சிரித்தார். எல்லாரோடும் சேர்ந்து, நேரம் தவறாமல், வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார், அவளைப் பார்த்துச் சிரித்தார், எதற்கு என்று தெரியாமலே.